கோமளத்துக்கு முடி வெட்டிய வெள்ளிக்கிழமை

அந்த வெள்ளிக்கிழமை காலை ஆட்டுப்பட்டியில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: சங்கரன்கோவில் பக்கத்தில் சலூன் வைத்திருக்கும் நான், திருவனந்தபுரம் கரமனையில் குடியிருக்கும் என் அக்கா வீட்டுக்காரர் ஆறுமுகம் அத்தான், பட்டிக்குச் சொந்தக்காரரான லதிகா டீச்சர், ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் கனி அக்கா, முடி வெட்டிய ஆடுகள் ஆறு, வெட்டாத ஆடு ஒன்று. வெட்டாத ஆட்டின் பெயர் கோமளம். அதன் வயிற்றில் குட்டி இருந்தது. மாட்டு டாக்டர் இல்லை. அவர் போனில் மட்டும் இருந்தார். இதை நான் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். போனில் இருக்கிற டாக்டரால் ஆட்டைத் தொட்டுப் பார்க்க முடியாது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுதிப் பழக்கமில்லை. ஊருக்குத் திரும்பியதிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் இதையே கேட்கிறார்கள். ஒரு தலைக்கு ஒரு தடவை வீதம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவைக்கிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் படித்துக்கொள்ளலாம்.

சுபாவத்தில் நான் பயந்தவன். கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். மறுபடி தெருமுனை, மறுபடி பூட்டு. அப்படிப்பட்டவன் மாநிலம் தாண்டி வேலைக்குப் போனது அத்தானின் ஒரு போன் பேச்சை நம்பி.

"மாப்ளே, நாலு நாள் வேல இருக்கு. ரெண்டு மெஷினையும் எடுத்துக்கிட்டு வா. மத்தத வந்ததும் சொல்லுதேன்."

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் கரமனை போய்ச் சேர்ந்தேன். பையில் இரண்டு மெஷின், நாலு கத்திரி, சவரக்கத்தி, படிகாரம், சாணைக்கல். சவரக்கத்தியைத் துண்டில் சுற்றி, துண்டை டப்பாவில் வைத்து, டப்பாவைப் பையின் அடியில் வைத்திருந்தேன். ரயிலில் போலீஸ் பிடித்தால் தொழிலாளி என்று நிரூபிக்க, கடை முன்னால் நான் நிற்கிற போட்டோ ஒன்றும் எடுத்துவைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

அக்கா குண்டரிசிச் சோறும் புளிசேரியும் பயறுத் தோரனும் வைத்திருந்தாள். அந்த அரிசி எங்கள் ஊர் அரிசி மாதிரிக் குழையாது. ஒவ்வொரு பருக்கையும் தனி ஆளாக நிற்கும். குடிக்கக் கொடுத்த வெந்நீர் இளஞ்சிவப்பு. பத்து வருசமாக இந்த வீட்டுக்கு வந்துபோகிறேன். மரப்பட்டை போட்டுக் காய்ச்சியதுதான் என்று தெரிந்தும், இன்னும் அந்தத் தம்ளரைப் பார்த்தால் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் குடிப்பேன்.

சாப்பிட்டு முடித்த பிறகு அத்தான் விஷயத்தைச் சொன்னார்.

"மொத்தம் ஏழு. எல்லாம் ஆடு."

"ஆடா?"

"கம்பளி ஆடு. கொடைக்கானல் மேல்மலையில இருந்து கொண்டுவந்தது. வருசாவருசம் அங்க இருந்து ஒரு ஆள் வந்து வெட்டிக் குடுப்பான். இந்த வருசம் அவன் கீழ விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டான். நான் சொன்னேன், எம் மச்சினன் இருக்கான், கட்டிங்ல புலியாக்கும்னு."

அக்கா எச்சில் இலையை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "புலியக் கூட்டிட்டுப் போயி ஆட்டுக்கு முடி வெட்டச் சொல்லுதியளோ?"

அத்தான் கால்நடைத் தீவன வண்டி ஓட்டுகிறார். விதுரா பக்கம் வாரம் இரண்டு தடவை போவார். அப்படிப் பழக்கமானவர்தான் இந்த லதிகா டீச்சர். மார்ச் வெயில் வருவதற்குள் ஆடுகளின் ரோமத்தை வெட்டாவிட்டால் சூடு தாங்காது, இந்த வாரத்துக்குள் வெட்டியே ஆகவேண்டும் என்று மாட்டு டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வெட்டத் தெரிந்த ஆள் யாரும் அந்தப் பக்கத்தில் கிடையாது.

எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆடு பார்க்காதவன் இல்லை நான். எங்கள் கரிசல் காட்டில் ஆட்டு மந்தை போனால் பஸ் நிற்கும். ஆனால் எங்கள் ஊர்ச் செம்மறிக்கு இருப்பது நாய்க்கு இருப்பது மாதிரி ஒட்டின முடி. அதை யாரும் வெட்டுவதில்லை. கம்பளி என்பதை நான் போர்வையாகத்தான் பார்த்திருக்கிறேன்.

"வெட்டும்போது காதை வெட்டிட்டேன்னா?" என்று கேட்டேன்.

"கடையில எத்தன காது வெட்டிருக்க?" என்றார் அத்தான்.

இருபத்தாறு வருசத்தில் ஒன்று. அதையும் முழுசாக இல்லை. ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை அத்தானின் வண்டி பட்டறையில் நின்றதால் பஸ்ஸில் கிளம்பினோம். ஏறினதிலிருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் "விதுரா வந்துட்டா?" என்று கண்டக்டரிடம் கேட்டேன். நெடுமங்காடு தாண்டியதும் அவர் என் தோளில் கை வைத்து மலையாளத்தில் சொன்னார்: "சேட்டா, நான் கூப்பிடுகிறேன். நீங்கள் கொஞ்சம் உறங்குங்கள். உங்களைப் பார்த்தால் எனக்கே பதற்றமாக இருக்கிறது."

ஒரு மனிதன் இவ்வளவு சொல்லும்போது நம்பாமல் இருக்க முடியுமா. நம்பினேன். அத்தான் பக்கத்துச் சீட்டுக்காரரோடு புண்ணாக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். விதுரா சந்தையில் ஏறிய கூட்டத்தில் கண்டக்டர் என்னை மறந்துவிட்டார். ஆற்றுச் சத்தம் கேட்டு நான் கண்ணைத் திறந்தபோது பஸ் விதுராவைத் தாண்டி, கல்லாறு என்கிற ஊரில் நின்றது. வாழ்க்கையில் நான் கவலைப்படாமல் இருந்த அரைமணி நேரத்தின் பலன் அது.

கண்டக்டருக்கு முகம் விழுந்துவிட்டது. "சாரமில்ல, சாரமில்ல" என்று அத்தான்தான் மலையாளத்தில் அவரைத் தேற்றினார். இறங்கியாயிற்று, பசிக்கவும் செய்தது. பொன்முடி போகிறவர்களுக்காக இருக்கிற சின்னக் கடை ஒன்றில் கப்பையும் மீன் கறியும் சாப்பிட்டோம். கப்பை என்றால் நம் மரவள்ளிக் கிழங்குதான். எங்கள் ஊரில் அதைச் சும்மா அவித்து, பொழுது போகாதபோது தின்போம். இவர்கள் அதை மரியாதையாகத் தட்டில் வைத்து, மேலே சிவப்புக் குழம்பை ஊற்றி, சாப்பாடாகவே ஆக்கிவிட்டார்கள்.

கடைக்காரர் என் பையைப் பார்த்து என்ன என்று கேட்க, ஏழு ஆட்டுக்கு முடி வெட்ட வந்திருக்கிறோம் என்று அத்தான் பெருமையாகச் சொன்னார். மூலையில் கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "ஆட்டுக்கு வெட்ட ஆள் வருகிறது பார். எனக்கு வெட்டுகிற பீகார்ப் பையன் ஊருக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. இவரிடம் எட்டாவதாக நானும் போய் நிற்கட்டுமா?"

நான் உண்மையிலேயே அவருக்கு வெட்டியிருப்பேன். தெரிந்த வேலை. ஆனால் அதற்குள் அத்தான் ஜீப் பிடித்துவிட்டார்.

டீச்சர் இடம் விதுராவிலிருந்து போணக்காடு எஸ்டேட் போகிற பக்கம், மேட்டில் இருக்கிறது. டவுனைவிடக் கொஞ்சம் காற்று உண்டு. அதை நம்பித்தான் அவர் குளிர் தேசத்துப் பிராணிகளை அங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிப் பிள்ளைகளுக்குத் துணி எங்கிருந்து வருகிறது என்று காட்டுவதற்காக இந்த இடம். பருத்திச் செடி ஒரு வரிசை, ஒரு இலவமரம், பட்டுப்புழு அறை, முயல் அறை, ஆட்டுப்பட்டி.

"என் வகுப்பில் ஒரு குழந்தை, கம்பளி மரத்தில் காய்க்கும் என்று எழுதினாள்" என்று தமிழும் மலையாளமும் கலந்து சொன்னார். "சரி, இலவம்பஞ்சு மரத்தில்தானே காய்க்கிறது, கம்பளியும் காய்க்கும் என்று அவள் நினைத்ததில் என்ன தப்பு? அன்றைக்குத் தீர்மானித்தேன், கேட்டோ. பிள்ளைகள் கையால் தொட்டுப் பார்க்கணும்."

முதலில் முயல்களைக் காட்டினார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். தலையணை உறையைக் கிழித்துப் பஞ்சைக் கொட்டி, அதற்குள் இரண்டு சிவப்புக் கண்ணை வைத்த மாதிரி நாலு முயல். காதின் நுனியில்கூடக் குஞ்சம். தரையில் ஈரச் சாக்கு, மேலே மின்விசிறி. ஒவ்வொரு முயலுக்கும் பக்கத்தில் உறைய வைத்த தண்ணீர் பாட்டில் ஒன்று. முயல்கள் அந்தப் பாட்டிலில் சாய்ந்து படுத்திருந்தன. சித்திரை மாதத்தில் எங்கள் ஊரில் மனிதருக்கே இந்தச் சவுகரியம் கிடையாது.

ஒன்றை என் மடியில் வைத்து, சீப்பைக் கையில் கொடுத்தார். சீவச் சீவ ரோமம் தானாகவே கழன்று வந்தது. விரலில் இருப்பதே தெரியவில்லை, வெதுவெதுப்பு மட்டும்தான் தெரிந்தது. மடியில் முயலின் நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது, என்னுடையதைவிட வேகமாக. என்னைவிடப் பயந்த ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவது இவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

பட்டுப்புழு அறைக்குள் எங்களை விடவில்லை. புகையிலை வாடை பட்டால் புழு செத்துவிடும் என்று அத்தானை வெற்றிலைப் பொட்டலத்தோடு முற்றத்திலேயே நிறுத்தினார். நான் நிம்மதியாக முன்னால் போனேன். டீச்சர் என் பக்கம் மோந்து பார்த்தார்.

"சேவிங் லோஷன்?"

இருபத்தாறு வருசத்து லோஷன். குளித்தால் போகிற வாடையா அது. வலைக் கம்பி போட்ட ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். தட்டுத் தட்டாக, விரல் பருமனில், வெளிறின புழுக்கள் முசுக்கொட்டை இலையைத் தின்றுகொண்டிருந்தன. எறும்பு ஏறாமலிருக்க ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்திருந்தார்கள். கல்யாணப் பட்டு கட்டிய எத்தனை மாப்பிள்ளைகளுக்குச் சவரம் செய்திருப்பேன். அந்தப் பட்டைக் கக்கின ஜீவனுக்கு என் வாசனை ஆகாதாம்.

பட்டியில் கனி அக்கா இருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். போணக்காடு எஸ்டேட் மூடுகிற வரை அங்கே தேயிலைக் கொழுந்து பறித்தவர். தாய்மொழி தமிழ்தான், ஆனால் பேச்சு மலையாள ராகத்தில் போகும். என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"இவராக்கும் ஆளு? கையப் பாத்தா கொழந்தைக்கு மொட்ட போடுற கை மாதிரி இருக்கு."

"அதும் போடுவேன்" என்றேன்.

ஆறு ஆடுகள் ஓரமாக நின்றன. வெளிப்பக்கம் அழுக்கு நிறம், பழைய சாக்கு மாதிரி. கனி அக்கா ஒன்றின் முதுகில் இரண்டு கையையும் வைத்து ரோமத்தைப் பிளந்து காட்டினார். உள்ளே பாலாடை நிறம். அடியில் இளஞ்சிவப்புத் தோல். அவ்வளவு அழுக்குக்குள் அவ்வளவு சுத்தம்.

ஏழாவது தனியாக நிழலில் நின்றது. வாயைத் திறந்து, பக்கவாட்டு வயிறு ஏறி இறங்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதுதான் கோமளம். குட்டி போட இன்னும் மூன்று நாலு வாரம் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

டீச்சர் உள்ளே போனதும் கனி அக்கா குரலைத் தாழ்த்தினார். "போன கோடையில ரெண்டு ஆடு சூட்டுல போச்சு. டீச்சர் ஒரு வாரம் சோறு திங்கல. இனி ஒண்ணு போச்சுன்னா எல்லாத்தையும் மலைக்கே அனுப்பிருவேன்னு சொல்லிட்டாங்க. சொன்னா செய்வாங்க. பின்ன எனக்கு இங்க என்ன வேல? எஸ்டேட்டும் இல்ல, இதும் இல்ல." கோமளத்தைப் பார்த்தார். "இவளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. கேட்டீங்களா?"

கேட்டேன். அதற்குப் பிறகு குடித்த சாயா எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

அன்று மாலையே ஒரு கிடாவில் தொடங்கினேன். மெஷினைப் போட்டு முதுகில் வைத்தேன். எட்டு விநாடி ஓடியிருக்கும். கரகர என்று ஒரு சத்தம், பிறகு கருகல் வாடை. பல் முழுக்க மெழுகு மாதிரி எண்ணெய்ப் பிசுக்கு. இரண்டாவது மெஷின் ஐந்து விநாடி. மனிதத் தலைக்குச் செய்த மெஷின், ஆட்டு ரோமத்தின் பிசுக்குக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அத்தான் என் முகத்தைப் பார்க்கவில்லை. இலவமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புலிக்கு நகம் ஒடிஞ்சுபோச்சு" என்றார் கனி அக்கா.

மேல்மலைக்காரன் விட்டுப்போன பெரிய கத்திரி ஒன்று சுவரில் தொங்கியது. ஒரே இரும்பை வளைத்துச் செய்தது, ஒரு முழ நீள மீன் மாதிரி. துருப்பிடித்து மழுங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. ஆடு தெரியாது, ஆனால் தீட்டத் தெரியும். சாணைக்கல்லை எடுத்து ஒரு மணி நேரம் தீட்டினேன். என் முன்கை முடியில் வைத்து இழுத்துப் பார்த்தேன். சவரம் ஆனது. கனி அக்கா அதைப் பார்த்துவிட்டுப் போய்க் கிடாவைப் பிடித்துப் படுக்கவைத்தார்.

கிடாவின் தொடையில் ஒரு இடத்தில் கீறிவிட்டேன். ஒரு சொட்டு இரத்தம். என் கை தானாகப் பைக்குள் போய்ப் படிகாரத்தை எடுத்துத் தேய்த்தது. கடைப் பழக்கம்.

"அடுத்து பவுடர் போட்டு, கண்ணாடி காட்டுவீங்களோ?" என்றார் கனி அக்கா.

வியாழக்கிழமை ஐந்து ஆடு. முதல் ஆட்டுக்கு ஒன்றரை மணி நேரம், ஐந்தாவதற்கு முக்கால் மணி. தோலை இடது கையால் இழுத்துப் பிடித்தால் கத்திரி தானாக ஓடும் என்று இரண்டாவது ஆட்டில் கண்டுகொண்டேன். தாடை மடிப்பில் சவரம் செய்கிற அதே வித்தை. ரோமம் துண்டு துண்டாக விழாமல், மேல்சட்டையைக் கழற்றின மாதிரி ஒரே படலமாகக் கழன்று விழுந்தது. கழற்றிவிட்டதும் ஒவ்வொரு ஆடும் பாதி ஆடாக ஆகி, எழுந்து நின்று, தன்னை யாரோ என்று நினைத்து ஒரு துள்ளுத் துள்ளியது. மற்ற ஆடுகள் அதை முட்டித் துரத்தின. மோந்து பார்த்த பிறகுதான் சேர்த்துக்கொண்டன.

மத்தியானம் சோறு சாப்பிட உட்கார்ந்தபோது என் கையைப் பார்த்தேன். எனக்குச் சாயமும் சோப்புத் தண்ணீரும் பட்டு விரலிடுக்கெல்லாம் வெடிப்பு. பல வருசத்து வெடிப்பு. உப்புப் பட்டால் எரியும் என்பதால் ஊறுகாயைக் கரண்டியால் எடுக்கிறவன். அன்றைக்கு விரலால் எடுத்தேன். எரியவில்லை. ஆட்டு ரோமத்துப் பிசுக்கு ஒரே நாளில் வெடிப்பை மூடியிருந்தது.

"இந்தப் பிசுக்கைத்தான் டப்பாவுல அடைச்சு, கைக்குப் பூசுற களிம்புன்னு கடையில விக்குறாங்க" என்றார் டீச்சர் தமிழில்.

மிச்சம் கோமளம். டாக்டர் போனில் சொன்னார்: அதைக் கீழே தள்ளக்கூடாது, புரட்டக்கூடாது, ஓடவிடக்கூடாது. வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். வாயைத் திறந்து இளைத்தால் நிறுத்திவிட வேண்டும். முடித்த பிறகு ஒரு மணி நேரத்துக்குள் அசைபோட்டால் பயமில்லை. போடாவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். "அப்போது கூப்பிடுங்கள்" என்றார்.

கீழே தள்ளாமல் அந்தப் பெரிய கத்திரியை வீச முடியாது. நின்றபடியே வெட்டுவதென்றால் எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், சீப்பும் சின்னக் கத்திரியும். அதில் என் கை நடுங்காது. ஆனால் ஆடு நடுங்குமே.

கடைக்கு முதன்முதலாக வருகிற குழந்தைகளுக்கு நான் ஒன்று செய்வேன். உடனே வெட்டமாட்டேன். காதுக்குப் பக்கத்தில் வெறும் காற்றில் கத்திரியை ஓட்டுவேன். சத்தம் பழகட்டும். பிறகு கத்திரியின் முதுகைக் கழுத்தில் வைப்பேன். குளிர்ச்சி பழகட்டும். அதுவரை பேசிக்கொண்டே இருப்பேன். வியாழன் சாயந்திரம் பட்டிக்குள் போய்க் கோமளத்தின் பக்கத்தில் நின்று காற்றை வெட்டினேன். முதலில் தலையைத் திருப்பிக்கொண்டது. பிறகு காதை மட்டும். பிறகு காதும் அசையவில்லை.

"காத்துக்கும் முடி மொளைக்கிதோ?" என்று வெளியிலிருந்து கனி அக்கா கேட்டார். நான் விடவில்லை. முக்கால் மணி நேரம் வெட்டினேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தொடங்கினோம். கனி அக்கா கோமளத்தின் தாடையைத் தாங்கிப் பிடித்தார். டீச்சர் முசுக்கொட்டை இலைகளோடு முன்னால் நின்றார். அத்தான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார், டாக்டரைக் கூப்பிடத் தயாராக. புகையிலை போடவில்லை. பதற்றத்தில் மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

கழுத்தில் தொடங்கினேன். சீப்பை உள்ளே விட்டுத் தூக்கி, மேலே வந்ததை மட்டும் வெட்டி, மறுபடி சீப்பு. வாய் பாட்டுக்குப் பேசியது, கடையில் பேசுகிற அதே பேச்சு.

"எந்த ஸ்கூல்ல படிக்க? எத்தனாப்பு? கணக்கு வருமா? டீச்சர் முன்னாலதான் நிக்காங்க, பாத்துச் சொல்லு."

"எல்லாக் கணக்கும் வரும், பெயில் ஆக்கமாட்டேன்னு சொல்லுங்க" என்றார் டீச்சர். இலையை இன்னும் கிட்டே நீட்டினார்.

முதுகு முடிந்தது. வலது பக்கம் முடிந்தது. வயிற்றுப் பக்கம் வந்தபோது உள்ளங்கையில் ஒரு உதை பட்டது. உள்ளேயிருந்து. கையை எடுத்துவிட்டேன். கோமளம் வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கியது.

"நிறுத்துங்க" என்றார் கனி அக்கா.

நிறுத்தினோம். ஈரச் சாக்கால் காலைத் துடைத்தார். டீச்சர் தண்ணீர் காட்டினார், குடிக்கவில்லை. நான் மறுபடி காற்றை வெட்டத் தொடங்கினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கத்திரிச் சத்தம் நின்றால் அதற்குப் பயமாக இருக்குமோ என்று தோன்றியது. வாய் மூட இருபது நிமிடம் ஆனது. வெயில் இலவமரத்தின் பாதிக்கு வந்துவிட்டது.

வயிற்றுப் பக்கத்தை விரலாலேயே அளந்து அளந்து வெட்டினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் என் இடது கை வயிற்றுக்கும் கத்திரிக்கும் நடுவில் இருந்தது. வெட்டினால் என் கையை வெட்டட்டும் என்று. இரண்டு இடத்தில் வெட்டியது. படிகாரத்தை அன்றைக்கு நான் எனக்குத்தான் போட்டுக்கொண்டேன்.

முடிந்தபோது கோமளம் அந்த ரோமத்துக்குள்ளிருந்து சின்னதாக, வெள்ளையாக, பெரிய வயிறோடு நின்றது. ஏணி ஏணியாக வெட்டுத் தடம் தெரிந்தது. கடையில் ஒருத்தருக்கு இப்படி வெட்டியிருந்தால் அடித்திருப்பார்.

பிறகு நாங்கள் நாலு பேரும் கொட்டகை ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்து ஒரு ஆட்டின் வாயைப் பார்த்தோம். பத்து நிமிடம். இருபது நிமிடம். கோமளம் எங்களைப் பார்த்தது. ஒரு தடவை அத்தான் "அசையுது" என்றார். ஈ உட்கார்ந்து எழுந்ததில் உதடு துடித்தது, அவ்வளவுதான். கனி அக்கா அவர் தொடையில் ஒரு அடி போட்டார். அரைமணி ஆனது. என் மனதில் ஆடுகளை ஏற்றிய லாரி ஒன்று மலைக்குப் போய்க்கொண்டிருந்தது, அதன் பின்னால் கனி அக்கா நடந்துகொண்டிருந்தார்.

முக்கால் மணி ஆனபோது கோமளம் முன்னங்காலை மடக்கி, பின்னங்காலை மடக்கிப் படுத்தது. தொண்டையில் ஒரு உருண்டை கீழிருந்து மேலே ஏறியது. பிறகு கீழ்த்தாடை இடது பக்கம் போனது, வலது பக்கம் போனது, மறுபடி இடது பக்கம்.

கனி அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். டீச்சர் போனை வாங்கி டாக்டரிடம் மலையாளத்தில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அத்தான் எழுந்து மரத்தடிக்குப் போய் வெற்றிலை போட்டுக்கொண்டார். நான் எழவில்லை. அப்படியே உட்கார்ந்து, அந்தத் தாடை போய்வருவதை எண்ணினேன். நாற்பத்தெட்டு, ஒரு விழுங்கல், அடுத்த உருண்டை.

உடனே அடுத்த கவலை வந்தது. ரோமம் போனவளுக்குச் சாயந்திரம் மலைக்காற்றில் குளிருமே. அதைச் சொன்னதும் கனி அக்கா வீட்டுக்குப் போய், கொழுந்து பறிக்கும்போது மழைக்குப் போர்த்துகிற பழைய கம்பளியை எடுத்துவந்து கோமளத்தின் முதுகில் போட்டுக் கயிற்றால் கட்டினார்.

"முப்பது வருசம் இதுக்குள்ள நின்னு பறிச்சேன். எந்த உடம்பு குடுத்ததுன்னு ஒரு நாளும் நெனச்சதில்ல" என்றார். "இவளுக்குக் கொஞ்சம் பெரிசா இருக்கு, அல்லே?"

சனிக்கிழமை கிளம்பும்போது டீச்சர் கூலி கொடுத்தார். அத்தான் ஆட்டுக்கு இருநூறு பேசியிருந்தார். டீச்சர் ஆயிரத்து நானூறை எண்ணி நீட்டினார். நான் ஆயிரத்து இருநூறை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

"கோமளத்துக்கு உள்ளது இப்ப வேண்டாம்."

டீச்சர் முகம் மாறிவிட்டது. "ஏன், பயமா இருக்கா?"

பயம்தான். ஆனால் அது மட்டும் இல்லை. கடையில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆஸ்பத்திரிக்கு, ஆப்பரேஷனுக்குப் போகிறவர்களுக்கு முடி எடுத்தால் அன்றைக்குக் காசு வாங்கமாட்டேன். திரும்பி வந்து அடுத்த தடவை நாற்காலியில் உட்காரும்போது இரண்டையும் சேர்த்து வாங்குவேன். வேலை முடிந்ததா என்று தெரியாமல் கூலி வாங்கக் கை வராது. அதைச் சொன்னேன்.

கனி அக்கா கேட்டார்: "திரும்பி வராதவங்க உண்டா?"

"உண்டு" என்றேன். "அத நான் பாக்கின்னு சொல்லுறதில்ல."

டீச்சர் இரண்டு நூறு ரூபாய்த் தாளையும் மடித்து, முயல் அறைச் சாவி மாட்டுகிற ஆணிக்குப் பின்னால் செருகினார்.

ஊருக்கு வந்து இருபத்து மூன்று நாள் ஆகிறது. இந்த இருபத்து மூன்று நாளும் போன் அடித்தால் கத்திரியைக் கீழே வைத்துவிட்டுத்தான் எடுத்தேன். இன்று காலை ஒருவருக்குப் பாதிச் சவரத்தில் கனி அக்கா கூப்பிட்டார். பின்னால் ஆடு கத்துகிற சத்தம், அதைவிட மெல்லிசாக இன்னொரு சத்தம்.

"பெட்டைக்குட்டி. தாயும் பிள்ளையும் சுகம். டீச்சர் கேக்கச் சொன்னாங்க, மணியார்டர் அனுப்பட்டுமா, நீங்களே வாரீங்களான்னு."

பாதிச் சவரத்தோடு உட்கார்ந்திருந்தவர் என்ன விஷயம் என்று கண்ணாடி வழியாகப் பார்த்துக் கேட்டார். வரவேண்டிய பாக்கி ஒன்று இருக்கிறது என்றேன். அதுவரை அந்த வார்த்தையை நான் வாயில் எடுக்கவில்லை. இன்று காலையிலிருந்து எடுக்கலாம். லதிகா டீச்சர் எனக்குத் தரவேண்டிய பாக்கி, ரூபாய் இருநூறு.